நாலு பேர் மோந்து பார்த்த கிணறு

1

நேற்று எங்கள் தண்ணீர் நிலையத்தில் புதுக் கட்டடம் திறந்தார்கள்.

‘எங்கள்’ என்று கை தானாக எழுதிவிடுகிறது. நான் தேனிப் பக்கம் ஓடைப்பட்டியில் பிறந்தவள். கல்யாணம் முடிந்து தொண்ணூற்றாறில் அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கும் இந்தச் சின்ன நகரத்துக்கு வந்தேன். மதுரையில் படித்த வேதியியல் நாலு வருஷம் பெட்டிக்குள் கிடந்தது. அப்புறம்தான், நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற இந்த நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. பத்து வருஷமாகக் காலையில் அந்தக் கதவைத் திறந்து விளக்குப் போடுகிறவள் நான்தான். ஈஸ்வரி என்ற பெயர் யார் வாயிலும் நிற்காமல் ‘ஈஷ்’ ஆகிவிட்டது. நேற்று மேயர் நன்றி சொல்லும்போது அதையும் ‘ஆஷ்’ என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

புதுக் கட்டடத்துக்குள் வரிசையாக எஃகுத் தொட்டிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் மூன்றாள் உயரம். உள்ளே கரி. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, நீராவியில் பதப்படுத்திப் பொடித்த கரி. மூட்டை மூட்டையாக வந்து இறங்கியபோது எந்த நாட்டுத் தேங்காய் என்று தேடிப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை.

ஆற்றுத் தண்ணீரை மணலில் வடிகட்டினால் கலங்கல் போய்விடும். குளோரினில் கிருமி செத்துவிடும். இரண்டுக்கும் தப்பி வருகிற சில உண்டு. ஊர்க்காரர்கள் விழுங்கிக் கழித்த மாத்திரைகளின் மிச்சம், மேலே சோளக்காடுகளில் தெளித்ததன் மிச்சம். அளவு மிக மிகச் சின்னது. அவற்றில் பலவற்றுக்கு, தண்ணீரில் இவ்வளவுதான் இருக்கலாம் என்று சட்டத்தில் இன்னும் ஒரு வரிகூட இல்லை. இன்றைக்குக் குடித்தால் நாளைக்கு ஒன்றும் ஆகாது. இருபது வருஷம் குடித்தால் என்ன ஆகும் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. அவற்றைப் பிடித்து வைக்கத்தான் இந்தக் கரி.

விழாவில் கேக் வெட்டினார்கள். எனக்கு இரண்டு துண்டு கட்டிக் கொடுத்தார்கள், மகளுக்கும் சேர்த்து. நிலா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். இரண்டையும் நானே தின்றேன். நிலாவின் அப்பா மூன்று வருஷத்துக்கு முன்பே வேறு மாநிலத்துக்கு, வேறு வாழ்க்கைக்குப் போய்விட்டார். ஊரில் அதை இன்னும் ‘வேலை மாத்தம்’ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்தக் கட்டடம் எழும்பியதில் என் பங்கு ஒரு தப்பான வார்த்தை. அது என் அண்ணன் வீட்டுக் கிணறு வரைக்கும் போய் என்ன செய்தது என்பதை ஊரில் இருப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

2

எங்கள் கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வேலை உண்டு. குடுவைகளில் தண்ணீர் ஊற்றி, இளஞ்சூடாக்கி, மூடியை விலக்கி மோந்து பார்க்க வேண்டும். ஒருவருக்கொருவர் பேசக்கூடாது. என்ன வாசம் என்று அவரவர் தாளில் எழுத வேண்டும். நாங்கள் ஐந்து பேர். கூடத்தின் தலைவி கரோல், நான், தண்ணீர் பில் போடும் பிரிவில் இருக்கும் டீனா, பம்பு பார்க்கிற ஒருவர், அப்புறம் வால்டர். வால்டர் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல மூக்கு என்பதால் வாரம் ஒரு நாள் சும்மா வந்து உதவுகிறார்.

மண் வாசம், மீன் வாசம், ஈரத்துணி வாசம், வெள்ளரிக்காய் வாசம் என்று அவர்களிடம் ஒரு பட்டியலே இருக்கிறது. முதல் இரண்டு வருஷம் எனக்கு வாசம் தெரியும், வார்த்தை தெரியாது. ‘அரிசி களைந்த தண்ணீரை ஒரு நாள் வைத்த மாதிரி’ என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

ஒரு வசந்தத்தில், பனி உருகி நல்ல மழையும் பெய்த வாரம், ஆற்றிலிருந்து அப்படியே எடுத்த தண்ணீரை வைத்திருந்தார்கள். மூடியை விலக்கினேன். எனக்கு அந்த வாசம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து தெரியும். தாளில் ‘மருந்து’ என்பதற்கு எனக்குத் தெரிந்த ஆங்கில வார்த்தையை எழுதினேன்.

நம் பக்கம் காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, திராட்சைக்கு அடிப்பதும் மருந்து. ‘இன்னைக்குத் தோட்டத்துல மருந்தடிக்கிறாக’ என்றால் ஒருத்தரும் குழம்ப மாட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு. நான் எழுதியது காய்ச்சலுக்குக் குடிப்பதை.

குடிதண்ணீரில் மாத்திரைகளின் மிச்சம் இருக்கிறதா என்று பத்திரிகைகள் அப்போது பேசிக்கொண்டிருந்தன. கரோல் என் தாளைப் பார்த்துவிட்டு, அதே தண்ணீரைப் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினாள். பல வாரம் கழித்து முடிவு வந்தது. வலிப்பு மாத்திரை ஒன்றின் சுவடு இருந்தது. வலி நிவாரணி ஒன்றின் சுவடும் இருந்தது.

கரோல் ஓடி வந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். “உனக்கு இருப்பது மூக்கா, இயந்திரமா?” என்றாள். டீனா என் மேசையில் பூ வைத்தாள்.

அவ்வளவு சின்ன அளவை எந்த மூக்காலும் பிடிக்க முடியாது. அது எனக்கும் தெரியும், கரோலுக்கும் தெரியும். சந்தோஷத்தில் அவள் மறந்துவிட்டாள். நான் மோந்தது வேறு. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இந்த ஊரில் என்னை ஒருத்தர் தோளைத் தொட்டுப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

3

மூன்றாவது நாள் கரோலின் அறைக்குப் போனேன்.

“நான் எழுதியது இந்த மருந்து இல்லை, கரோல். செடிக்குத் தெளிக்கிறது. எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே பெயர்.”

அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. “அப்படியென்றால் நீ மோந்தது இன்னும் தண்ணீரில்தானே இருக்கிறது?” என்றாள்.

மறுபடி அனுப்பினார்கள். சோளக்காட்டுக் களைக்கொல்லியும், பூச்சிக்கு அடிப்பதும் இருந்தன. எனக்கு வாசம் காட்டிக் கொடுத்தது அதோடு கலந்து வருகிற எண்ணெயாக இருக்கலாம். ஆக, தப்பான வார்த்தையால் ஒன்று பிடிபட்டது, திருத்தியதால் இன்னொன்று பிடிபட்டது. திருத்தத்துக்கு மூன்று பக்கப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. ‘பிழைக்கான காரணம்’ என்ற இடத்தில் கருவிக் கோளாறு, கைத்தவறு, குறிப்பேட்டுத் தவறு என்று கட்டங்கள் இருந்தன. என்னுடையதற்குக் கட்டம் இல்லை. ‘மற்றவை’ என்பதில் டிக் அடித்தேன்.

ஊர்க் கூட்டம் போட்டார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் எழுந்து, “எனக்கு அளவெல்லாம் வேண்டாம். இருக்கிறதா, இல்லையா?” என்று கேட்டாள். கரோல் மேடையின் விளிம்புக்கு வந்தாள். “இருக்கிறது. சட்டம் எடுக்கச் சொல்லவில்லை. ஆனாலும் எடுக்கப் பார்க்கிறோம்” என்றாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒரு பதிலைச் சபையில் நின்று சொல்ல முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அப்புறம் இரண்டு வருஷம் வேலை. பழைய மாத்திரைகளைக் கக்கூஸில் கொட்டாதீர்கள் என்று சொல்லி மருந்துக் கடைகளில் பெட்டி வைத்தோம். நிலவறையில் ஆளுயரக் கண்ணாடிக் குழாய்களில் வகைவகையான கரியை நிரப்பி, ஆற்றுத் தண்ணீரை விட்டு, மேலே ஊற்றுவதையும் கீழே வடிவதையும் வாராவாரம் சோதித்தேன். ஒரு கரி முதலில் நன்றாகப் பிடிக்கும். சில மாதத்தில் வயிறு நிரம்பினவன் மாதிரி எல்லாவற்றையும் விட்டுவிடும். இன்னொன்று நின்று பிடிக்கும். எது நிற்கும் என்று தெரிவதற்குக் காத்திருப்பதுதான் என் வேலை.

இன்னொரு காரியமும் செய்தோம். ஆற்றுக்கு மேலே இருக்கிற விவசாயிகளைப் போய்ப் பார்த்தோம். டேல் என்கிற பெரியவர் ஓடைக்கரையிலேயே டேங்க்கை நிறுத்தி மருந்து கலப்பார், அங்கேயே கழுவுவார். எங்களைக் கண்டதும் முகம் சிவந்துவிட்டது. “என் அப்பா காலத்திலிருந்து இங்கேதான் கலக்கிறோம்” என்றார்.

“தெளிப்பதை நிறுத்தச் சொல்லி நான் வரவில்லை. கலக்கிற இடத்தைத் தள்ளி வையுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன். தரைக்கு சிமெண்ட் நாங்கள் தருகிறோம்” என்றாள் கரோல்.

திரும்பி வரும்போது காரில் ஊர் நினைப்பு வந்தது. எங்கள் வீட்டில் மருந்து கலக்கிற டிரம், கிணற்று மேட்டிலேயே இருக்கிறது.

4

எங்கள் தோட்டம் ஓடைப்பட்டிக்கு வெளியே, மலையைப் பார்த்த பக்கம். பன்னீர்த் திராட்சை. பந்தலுக்கு நடுவே அப்பா வெட்டிய கிணறு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணன் முருகேசனும் மதினி செல்வியும் தோட்டத்து வீட்டிலேயே இருக்கிறார்கள். மழை பிடித்தால் இலை சாம்பல் பூத்துவிடும், குலை அழுகிவிடும். அதனால் மருந்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதே என்று டிரம்மைக் கிணற்று மேட்டில் வைத்திருப்பார்கள். குச்சியால் கலக்குவார்கள். அடித்து முடித்ததும் டிரம்மை அங்கேயே கவிழ்த்துக் கழுவுவார்கள். கையைக் கழுவிவிட்டு அண்ணன் அதே கிணற்றில் ஒரு வாளி இறைத்து அண்ணாந்து குடிப்பார். யாருக்கும் தப்பாகப் படவில்லை. வேதியியல் படித்த எனக்கும் படவில்லை.

அடுத்த விடுமுறைக்கு நிலாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அண்ணன் இளைத்திருந்தார். காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

“கையில என்னண்ணே?”

“ஒண்ணுமில்லத்தா. வெரலு மரமரங்குது. வயசாகுதுல்ல.”

அடுப்படியில் மதினி மெதுவாகச் சொன்னார்: “மருந்தடிச்ச ராத்திரியெல்லாம் குமட்டுதுங்குறாக. டாக்டருகிட்ட வாங்கன்னா, சீசன் முடியட்டுமுங்குறாக. எனக்குந்தான் தல சுத்துது. வெயிலா இருக்கும்.”

அண்ணனிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்பார். அதற்கு மேல் பேச எனக்குத் தைரியம் வராது. கிளம்புகிற அன்று அண்ணன் தேனி மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கூடத்திலிருந்து கொண்டுபோயிருந்த இரண்டு பழுப்புக் கண்ணாடிப் போத்தல்களில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிச் சேலைகளுக்கு நடுவே வைத்தேன். நிலா பார்த்துக்கொண்டே நின்றாள். “மாமாவுக்குத் தெரியுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பெட்டியை அழுத்திப் பூட்டினேன்.

இங்கே இறங்கியதும் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“இது என்ன?”

“தண்ணீர். என் வீட்டுத் தண்ணீர்.”

“புனிதத் தண்ணீரா?”

எனக்கு முன்னால் எத்தனையோ பேர் சொம்பு சொம்பாகக் கொண்டுவந்திருப்பார்கள் போல. நான் தலையை ஆட்டினேன். அவர் மரியாதையாகச் சேலைக்கு நடுவே திருப்பி வைத்து மூடினார்.

5

நிலையத்து இயந்திரத்தில் அந்தத் தண்ணீரைச் சோதிக்க வழியில்லை. கரோல் படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். வாடிக்கையாளர் எண், தெரு, எடுத்த ஊழியர் பெயர். ஓடைப்பட்டிக் கிணற்றுக்கு எதையென்று எழுதுவது? ஒரு போத்தலைத் தனியார் ஆய்வுக்கூடத்துக்கு என் பெயரில் அனுப்பச் சொன்னாள். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“மூக்குக்குப் படிவம் வேண்டாம். வெள்ளிக்கிழமை வரிசையில் வை. யாரிடமும் சொல்லாதே. நீ மோக்காதே.”

நாலாவது குடுவையாக வைத்தேன். நான் ஜன்னல் பக்கம் தள்ளி நின்றேன். நாலு பேரும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தார்கள். நாலாவதில் டீனா சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்தாள். பம்புக்காரர் இரண்டாம் தடவை மோந்து பார்த்துவிட்டு மூடியை அழுத்தி வைத்தார். வால்டர் நெடுநேரம் குனிந்தே இருந்தார்.

தாள்களைக் கரோல் என்னிடம் கொடுத்தாள். ஒருவர் ‘பூண்டு, எண்ணெய்’ என்று எழுதியிருந்தார். டீனா ‘எறும்புப் பொடி’ என்று. கரோல் ‘கரைப்பான்’ என்று. வால்டர் மட்டும் ஒரு முழு வாக்கியம் எழுதியிருந்தார்: ‘எங்கள் பண்ணையில் பிள்ளைகள் தொடக்கூடாது என்று அப்பா பூட்டி வைத்திருந்த அலமாரி.’

அவர்களில் யாரும் எங்கள் பந்தலைப் பார்த்ததில்லை. அப்பா அந்தக் கிணற்றை வெட்டும்போது பாறை விழுந்து ஒரு வருஷம் நொண்டினது அவர்களுக்குத் தெரியாது. அந்தக் குடுவையைக் கழுவும் இடத்துக்கு எடுத்துப் போய்க் கொட்டினேன். மற்ற தண்ணீரைக் கொட்டுவது மாதிரி அதைக் கொட்ட முடியவில்லை.

சில வாரம் கழித்து ஆய்வுக்கூடத்துத் தாளும் வந்தது. அதில் இருந்த இரண்டு பெயர்களும் எங்கள் மோட்டார் ரூம் டப்பாக்களில் ஒட்டியிருந்த பெயர்கள்தான். ‘குடிக்க ஏற்றதல்ல’ என்று கீழே அச்சடித்திருந்தது.

6

சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டேன். அங்கே ஞாயிறு காலை. அண்ணன்தான் எடுத்தார்.

“ஏத்தா, நல்லாருக்கியா? பாப்பா நல்லாருக்கா?”

“நல்லாருக்கோம்ணே. அண்ணே, ஒண்ணு சொல்லணும். கெணத்துத் தண்ணியக் குடிக்காதீக. மதினிகிட்டயும் சொல்லுங்க.”

“ஏன், என்னாச்சு?”

சொன்னேன். போத்தலில் பிடித்தது, நாலு பேர் மோந்தது, தாளில் வந்தது எல்லாம்.

“எங்கிட்டக் கேக்காம எடுத்துட்டுப் போயிருக்க.”

“கேட்டா குடுத்திருப்பீகளாண்ணே?”

“குடுத்திருக்க மாட்டேன். அதுக்காக? களவாண்டுட்டுப் போயி, நம்ம அப்பா வெட்டுன கெணத்த நாலு வெள்ளக்காரவுகள மோந்து பாக்கச் சொல்லிருக்க.”

“அண்ணே, ஒங்க கைய நெனச்சுத்தான்...”

“இரு. இது வெளிய தெரிஞ்சா என்னாகும்னு நெனச்சியா? நம்ம பழம் பூராம் கேரளாவுக்குப் போகுது. ஓடப்பட்டித் தோட்டத்துத் தண்ணியிலயே வெசம்னு ஒருத்தன் சொன்னாப் போதும், இங்கன ஊர்ப் பழமே பந்தல்ல கெடந்து அழுகும். நீ அங்கன குழாயத் தொறந்தா வெள்ளித் தண்ணி வருது. ஒனக்கு எங்க தண்ணி நாறத்தான செய்யும்.”

“நாறுதுன்னு நான் சொல்லலண்ணே. மருந்தடிக்கவும் வேணாமுங்கல. டிரம்ம மட்டும் கெணத்தடிய விட்டுத் தள்ளி...”

“வைக்கிறேன்.”

டிரம்மை வைக்கிறேன் என்கிறாரா, போனை வைக்கிறேன் என்கிறாரா என்று ஒரு நொடி புரியவில்லை. போனைத்தான் வைத்தார்.

7

அதற்கப்புறம் பத்து மாதம் அண்ணன் என்னோடு பேசவில்லை. சனிக்கிழமை தவறாமல் கூப்பிடுவேன். மதினிதான் எடுப்பார்.

“அண்ணன் எங்க மதினி?”

“மார்க்கெட்டுக்குப் போயிருக்காக.”

பின்னால் அவர் இருமுவது கேட்கும். மதினிக்கும் தெரியும், எனக்குக் கேட்கிறது என்று. இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசுவோம், இங்கே தொட்டிகளில் போடப்போகிற கரியைப் பற்றிப் பேசுவோம்.

இங்கே வேலை நடந்துகொண்டிருந்தது. நின்று பிடிக்கிற கரி எதுவென்று முடிவாகி, புதுக் கட்டடத்துக்குக் குழி தோண்டினார்கள். நான் குழாய்களைச் சோதித்து எண்களை எழுதினேன். கீழே வருகிற தண்ணீரில் வாரம் ஒன்றாக ஒவ்வொன்றும் ‘கண்டறியப்படவில்லை’ என்று வரத் தொடங்கியது. கரோல் சத்தம் போட்டுச் சந்தோஷப்பட்டாள். முகம் தெரியாத ஒரு ஊர் முழுசுக்கும் தண்ணீரிலிருந்து மருந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இருக்கிற ஒரே அண்ணன் என்ன குடிக்கிறார் என்று தெரியவில்லை.

நிலாவுக்குப் பன்னிரண்டு முடிந்தது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில், அதுவும் ஒற்றை வார்த்தையில். பள்ளிக்கூடத்தில் ‘என் அம்மா தண்ணீரை மோந்து பார்க்கிறவள்’ என்று பேசிப் பரிசு வாங்கினாளாம். எனக்கு அதை வால்டர்தான் சொன்னார். அவருடைய பேத்தி அதே வகுப்பு.

“ஏண்டி என்கிட்டச் சொல்லல?”

“நீ கேக்கல” என்றாள், ஆங்கிலத்தில். அப்புறம், “மாமா ஏன் உன்னோடு பேசுவதில்லை? நீ சொன்னது பொய்யா?” என்று கேட்டாள்.

“உண்மை.”

“அப்படியென்றால் அவர் கோபப்படுவது தப்பு.”

“கேட்காமல் எடுத்தது என் தப்பு. இரண்டும் சேர்ந்தே இருக்கு” என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ. அன்றைக்கு மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

8

போன மாதம் ஊருக்குப் போனேன். நிலா கோடை முகாமுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். தனியாகத்தான் போனேன். தேனி பஸ் நிலையத்துக்கு அண்ணன் வரவில்லை. வேறு பஸ் பிடித்து ஓடைப்பட்டியில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

மதினி செம்பில் தண்ணீர் கொடுத்தார். வாங்கிவிட்டேன், குடிக்கவில்லை. மதினி சிரித்தார்.

“குடிங்க. ஊர்க் குழாத் தண்ணிதான். ஒங்கண்ணன் பிடிச்சிட்டு வர்றது.”

“அண்ணனா?”

“நீங்க போன் பண்ணி ஒரு வாரம் யாருகிட்டயும் பேசல. எட்டாம் நாளு டிவிஎஸ்ஸுல ரெண்டு பிளாஸ்டிக் கொடத்தக் கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாக. அன்னையிலருந்து தெனமும் அவுகதான். குழாயடியில பொம்பளைக கேலி பண்ணாளுக, ‘என்ன மாமா, அத்த முழுகாம இருக்காகளா?’ன்னு. இவுக பாட்டுக்கு வரிசையில நின்னு பிடிச்சிட்டு வந்தாக. தேனியில டாக்டரையும் போயிப் பாத்தாச்சு. மருந்தடிக்கிறப்ப கைக்கு ஒற, மூக்குக்குத் துணி எல்லாம் கட்டுறாக. கை நடுக்கம் இருக்கு. முன்னுக்குத் தேவல.”

“ஏன் மதினி இத்தன நாளாச் சொல்லல?”

“சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக.”

அண்ணன் சாயங்காலம் வந்தார். “வந்துட்டியா” என்றார். இரண்டு நாள் அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில் வாசலில் நின்று, “வா” என்றார்.

தோட்டத்தின் கடைசியில், ரோட்டை ஒட்டி, புதுசாகச் சிமெண்ட் தளம் போட்டிருந்தது. சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்குக் கரை. நடுவில் டிரம். அதைக் கடந்து கிணற்றுக்குப் போனோம். கிணற்று மேடு கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. வாளியை இறக்கித் தண்ணீர் இறைத்தார்.

“அங்கன எப்படி மோப்பீக?”

“இளஞ்சூடாக்கணும்ணே. மூடி வச்சிருந்து தொறக்கணும்.”

மூன்று கல்லைக் கூட்டினார். பந்தலில் கவாத்து வெட்டிப் போட்டிருந்த காய்ந்த குச்சிகளைப் பற்ற வைத்தார். சின்னச் சட்டியில் தண்ணீரை வைத்துத் தட்டால் மூடினார். கை நடுங்கியதால் தட்டு சட்டியின் விளிம்பில் டக்டக்கென்று தட்டியது. சூடேறியதும் புகையை விட்டுத் தள்ளி, காற்று வருகிற பக்கம் கொண்டுபோய் வைத்துத் தட்டை எடுத்துவிட்டு முதலில் அவர் குனிந்தார்.

“எனக்கு ஒண்ணுந் தெரியல. இது அதுக்குள்ளயே கெடந்த மூக்கு. நீ பாரு.”

நான் குனிந்தேன். முதலில் சட்டியின் மண் வாசம் வந்தது. அதற்கு அடியில், மெலிசாக, அது இருந்தது. பழைய அளவுக்கு இல்லை. வால்டருக்குத் தெரியும். டீனாவுக்குத் தெரியாமல் போகலாம். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மாதம் வரிசையில் நின்ற மனுஷன். ‘இல்லண்ணே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கே எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

“இருக்குண்ணே” என்றேன். “கொறஞ்சிருக்கு. ஆனா இருக்கு.”

அவர் தலையை ஆட்டினார். சட்டியை எடுத்துத் தண்ணீரைப் பாதை ஓரமாகக் கொட்டினார்.

“எறச்சு வெளிய விட்டா போயிருமா?”

“தெரியலண்ணே. மண்ணுக்குள்ள எறங்கி மறுபடி ஊறலாம். எவ்வளவு நாளாகும்னு எனக்குச் சொல்லத் தெரியல.”

“கரின்னியாமே, அங்கன. செல்வி சொன்னா.”

“அது பெரிய வேலண்ணே. ஊரே சேந்து செய்யணும்.”

“ஊரே சேந்து டிரம்மத் தள்ளி வைக்கச் சொல்லவே எனக்கு இன்னும் வாய் வரல” என்றார். வாளிக் கயிற்றைச் சுருட்டிக் கிணற்று மேட்டில் வைத்தார். “மேக்க உள்ள ரெண்டு தோட்டத்துக்காரன் அந்தத் தளத்த வந்து பாத்துட்டுப் போனான். எதுக்குன்னு கேட்டான். தண்ணிக்குன்னு சொன்னேன். நீ எப்ப மறுபடி வருவ?”

“ரெண்டு வருசம் ஆகும்ணே.”

“அப்ப வந்து மோந்து பாரு. அதுவரைக்கும் குழாத் தண்ணிதான்.”

வேலியோரம் நிறுத்தியிருந்த வண்டியின் இரண்டு பக்கமும் குடங்களை மாட்டினார். குழாயைச் சீக்கிரம் அடைத்துவிடுவார்கள், நேரமாகிவிட்டது என்றார். குடங்கள் தொங்கியதால் பின்னால் உட்கார இடமில்லை. “நீ மெல்ல நடந்து வா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பந்தல் முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு, நான் வருகிறேனா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் கையைக் காட்டியதும் போய்விட்டார்.